தராசு சொன்னதும் கணினி கேட்டதும்: சீரியல் போர்ட் பற்றி ஒரு மளிகை வணிகனின் குறிப்புகள்



மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் கட்டுரை கேட்பார்கள். நானும் திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுப்பேன். இம்முறை வழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். சி மொழியில் நிரல் எழுதி, யுனிக்ஸ் வகைக் கணினியோடு ஒரு கருவியைச் சீரியல் போர்ட் வழியாகப் பேச வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். "மளிகைக் கடைக்காரருக்கு இது எதுக்குங்க?" என்று சிலர் சிரிக்கலாம். காரணம் இரண்டு உண்டு.

ஒன்று, டெலானிபூரில் என் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு பேர் போன மாதம் வந்து நின்றார்கள். "நயினார் தாத்தா, எங்க ப்ராஜெக்ட்ல கருவி அனுப்புற எண் பாதி பாதியா வருது. உங்க தராசு மட்டும் எப்படி கம்ப்யூட்டர்கிட்ட ஒழுங்கா பேசுது?" என்று கேட்டார்கள். ஒழுங்காகப் பேசாத காலமும் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும் என்று தோன்றியது. அதுவே இரண்டாவது காரணம். 2012-இல் நான் எழுதிய நிரலில் இருந்த ஒரு பிழையால் என் கடை சிலரிடம் நியாயத்துக்கு மேல் பணம் வாங்கிவிட்டது. அதை எழுத்தில் வைக்க நம் சங்க மலரே தக்க இடம்.

நான் கணினியை முறையாகக் கற்றவன் அல்லன். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றது. 1984-இல் சென்னையில் கப்பலேறி இங்கே வந்தேன். சி மொழியைக் கடை மூடிய பிறகு இரவுகளில், பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கற்றேன். குற்றம் கண்டால் அறிந்தோர் பொறுத்தருள வேண்டும். ஆணைப் பெயர்களை இங்கே ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெயரில் உள்ள செய்தி

சீரியல் என்றதும் வீட்டில் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வரும். என் துணைவியாரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அதில் பெரிய தவறு இல்லை. நாளுக்கு ஓர் அத்தியாயமாக வருவது தொடர். ஒரு நேரத்தில் ஒரு பிட்டாக வருவது சீரியல் தொடர்பு. பிட் என்பது பூச்சியம் அல்லது ஒன்று. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், நம் கணக்குக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். போர்ட் என்ற சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆன பின்பும், ஹாடோவில் கப்பல் வந்து சரக்கு இறக்கும் இடம் போர்ட்தான். கருவியின் சரக்கு கணினிக்குள் இறங்கும் துறைமுகம் சீரியல் போர்ட்.

யுனிக்ஸில் இந்தத் துறைகளின் பெயர் டிடிஒய் என்று தொடங்கும். டெலிடைப் என்ற சொல்லின் சுருக்கம் அது. தந்தி அலுவலகத்தில் கடகடவென்று தானே அச்சடித்த டெலிபிரிண்டரை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வகை எந்திரம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யுனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், மனிதன் கணினியோடு பேசப் பயன்பட்டது டெலிடைப். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் தந்திக் காலத்துப் பெயர் இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்குள்ளும் இருக்கிறது. சொல்லப் போனால் லினக்ஸ் பிறந்ததே இந்த வாசலில்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர், மோடம் வழியாகத் தம் பல்கலைக்கழகக் கணினியோடு பேச ஒரு முனைய நிரல் எழுதினார். அது வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று.

கம்பியில் ஓடுவது என்ன?

பழைய கணினியின் முதுகில் ஒன்பது ஊசி கொண்ட சிறு வாய் ஒன்று இருக்கும். அதற்குரிய மின்னளவு விதிக்கு ஆர்.எஸ்.232 என்று பெயர். 1960-இல் அமெரிக்க மின்னணுத் தொழிலோர் சங்கம் வெளியிட்டது. 1969-இல் திருத்தி வந்த சி வடிவமே உலகெங்கும் பரவியது. ஒன்பது ஊசி இருந்தாலும் தராசுக்கு மூன்றே போதும்: கணினிப் பக்கத்தில் இரண்டாவது ஊசி கேட்பதற்கு, மூன்றாவது பேசுவதற்கு, ஐந்தாவது இரண்டுக்கும் பொதுவான தரை. ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும். இரு கருவியும் வாயோடு வாயை இணைத்துக்கொண்டால் எத்தனை நிரல் எழுதினாலும் ஒன்றும் கேட்காது.

கம்பி சும்மா இருக்கும்போது 'ஒன்று' என்ற நிலையில் இருக்கும்; அஃதாவது கழித்தல் 3 முதல் கழித்தல் 15 வோல்ட் வரை. 'பூச்சியம்' என்றால் கூட்டல் 3 முதல் 15 வரை. ஓர் எழுத்து வரப்போகிறது என்பதை அறிவிக்க முதலில் ஒரு பூச்சியம் வரும். அதுதான் தொடக்க பிட். பிறகு எட்டு பிட். கடைசியில் நிறுத்த பிட்டாக ஓர் 'ஒன்று'. ஆக எட்டு பிட்டைக் கொண்டு வரப் பத்து பிட் நேரம் பிடிக்கிறது. நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகத்தைப் 'பாட்' என்று சொல்லுவோம். 1874-இல் தந்திக்கு ஐந்து பிட் குறியீடு அமைத்த பிரெஞ்சுக்காரர் எமில் போதோவின் பெயரால் வந்த சொல் அது. என் தராசின் வேகம் 9600. பத்தால் வகுத்தால் நொடிக்கு 960 எழுத்து; ஓர் எழுத்துக்கு ஒரு மில்லி நொடிக்குச் சற்றே மேல். நமக்கு இது மின்னல் வேகம். கணினிக்கோ இது ஆமை வேகம். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

இரு பக்கமும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருவது குப்பை. குப்பை என்று கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாமல் வருவதுதான் ஆபத்து. எண் 1-க்கு உரிய குறியீடு 49. இரும எண்ணில் 110001. எண் 5-க்கு 53, அது 110101. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். கம்பியில் ஒரு பிட் கெட்டால் 1.250 கிலோ 5.250 கிலோ ஆகலாம். இதைப் பிடிக்கத்தான் பாரிட்டி என்ற காவல் பிட் உண்டு: ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவோ ஒற்றைப்படையாகவோ இருக்கும்படி ஒரு பிட்டைச் சேர்த்து அனுப்புவது. ஒரு பிட் கெட்டால் அது காட்டிக்கொடுக்கும். இரண்டு பிட் ஒன்றாகக் கெட்டால் ஏமாந்துவிடும். 1 கெட்டு 7 ஆனால் (அதன் குறியீடு 110111) பாரிட்டி வாய் திறக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இங்கே உப்புக் காற்றும், ஆண்டில் பாதிக்கு மேல் மழை ஈரமும் அந்த ஒன்பது ஊசியில் பச்சைப் பாசம் பிடிக்கச் செய்யும். நிரலைக் குறை சொல்லும் முன் வாயைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள். கம்பியும் நீளம் வேண்டாம், ஆர்.எஸ்.232-க்கு 15 மீட்டர் என்பது பழைய கணக்கு. கிடங்கு தூரத்தில் இருந்தால் ஆர்.எஸ்.485 என்ற வகை 1,200 மீட்டர் வரை தாங்கும்.

கதவைத் திறப்பதும் ஒப்பந்தம் செய்வதும்

யுனிக்ஸில் கருவியும் ஒரு கோப்பு போலத்தான். 'டெவ்' என்ற அடைவில் டிடிஒய்எஸ்0 என்பது லினக்ஸில் முதல் சீரியல் போர்ட். ஓப்பன் என்று திறந்து, ரீட் என்று படித்து, ரைட் என்று எழுதி, குளோஸ் என்று மூடலாம். அவ்வளவுதானா என்றால், திறக்கும்போதே இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, திறக்கும்போது ஓ_நாக்டிடிஒய் என்ற குறியைச் சேர்க்க வேண்டும். "இந்தத் துறை எனக்குத் தலைமை முனையம் ஆகக் கூடாது" என்பது அதன் பொருள். சேர்க்காவிட்டால், சில நிலைகளில், எண் 3 என்ற ஒரு பைட் கம்பியில் தவறி வந்தாலே, யாரோ கண்ட்ரோல்-சி அழுத்தியதாக எண்ணி யுனிக்ஸ் உங்கள் நிரலை நிறுத்திவிடும். இரண்டாவது, மோடம் காலத்து மரியாதை. மறுமுனையில் மோடம் தயார் என்ற சைகை வரும் வரை ஓப்பன் காத்திருக்கும். மூன்று கம்பி மட்டும் உள்ள தராசில் அந்தச் சைகை வரவே வராது. நிரல் அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே ஓ_நான்பிளாக் குறியோடு திறந்து, சி-லோக்கல் என்ற அமைப்பை இட்டு, பிறகு எஃப்சிஎன்டிஎல் மூலம் அந்த நான்பிளாக்கை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம். டெர்மியோஸ் என்ற அமைப்பில் உள்ளீடு, வெளியீடு, கம்பி, முனைய நடத்தை என்று நாலு வகைக் குறிகளும், சில சிறப்பு எழுத்துகளின் அட்டவணையும் இருக்கும். 1988-இல் வந்த போசிக்ஸ் தரத்தில் இது இடம் பெற்றதால், லினக்ஸானாலும் பிஎஸ்டியானாலும் இதே முறை செல்லும். டிசிகெட்ஆட்டர் என்று இப்போதுள்ள அமைப்பை வாங்கி, ஒரு நகலைப் பத்திரப்படுத்தி, வேண்டியதை மட்டும் மாற்றி, டிசிசெட்ஆட்டர் என்று திரும்பக் கொடுப்பது முறை. வேலை முடிந்ததும் பழைய நகலையே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். வாடகை வீட்டை வாங்கினபடியே ஒப்படைப்பது போல.

எவற்றை மாற்ற வேண்டும்? யுனிக்ஸ் மறுமுனையில் ஒரு மனிதன் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறான் என்றே நினைத்துக்கொள்கிறது. அவனுக்காகச் செய்யும் உபசாரங்களெல்லாம் கருவிக்கு உபத்திரவம். எக்கோ என்பது வந்த எழுத்தை அப்படியே திருப்பி அனுப்பும். தராசு அதைத் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொள்ளலாம். ஐஎக்ஸ்ஆன் என்பது 17, 19 என்ற இரண்டு பைட்டுகளை 'போ', 'நில்' என்ற சைகையாக எண்ணி விழுங்கிவிடும். எண்களை நேரடியாக பைட்டாக அனுப்பும் கருவியானால் தரவில் ஓட்டை விழும். ஐசிஆர்என்எல் என்பது 13-ஐ 10 ஆக மாற்றும். ஓபோஸ்ட் வெளியே போவதில் கை வைக்கும். ஐகேனான் என்பது ஒரு முழு வரி சேர்ந்தால்தான் கொடுக்கும். லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் சிஎஃப்மேக்ரா என்ற ஒரே அழைப்பு இவற்றில் பெரும்பாலானவற்றை அணைத்துவிடும். பிறகு வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி உண்டா இல்லையா என்பதைத் தராசின் கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும்.

இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்று. கேட்ட மாற்றங்களில் ஒன்றே ஒன்று நடந்தாலும் டிசிசெட்ஆட்டர் 'சரி' என்றே சொல்லும். போசிக்ஸ் தரமே அப்படி. ஆகவே மறுபடி டிசிகெட்ஆட்டர் செய்து, கேட்டதெல்லாம் கிடைத்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆள் தலையாட்டினார் என்பதற்காகச் சரக்கு வந்துவிட்டது என்று எந்த வணிகனும் கணக்கு எழுத மாட்டான்.

தட்டில் இல்லாத பருப்பு

இப்போது என் கதை. என் தராசு நொடிக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் 18 எழுத்துள்ள ஒரு வரியாக, தட்டில் உள்ள எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எடை அசையாமல் நின்றதா, ஆடுகிறதா என்பதற்கும் வரியின் தொடக்கத்தில் இரண்டெழுத்துக் குறி உண்டு. பையன் பொருளைத் தட்டில் வைத்து ஒரு விசையை அழுத்துவான். நிரல் எடையைப் படித்துப் பில்லில் அடிக்கும். வாடிக்கையாளர்கள் பார்த்துவிட்டு, "பிரமாதம் நயினாரே!" என்றார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

முதலில் ஒவ்வொரு எடைக்கும் துறையைத் திறந்து மூடினேன். அது தாமதமாக இருக்கிறது என்று, காலையில் ஒரு முறை திறந்து இரவு வரை திறந்தே வைக்கும்படி 2012 மழைக்காலத்தில் மாற்றினேன். வம்பு அங்கேதான் தொடங்கியது. நாம் படிக்காவிட்டாலும் தராசு பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சை யுனிக்ஸ் வீணாக்காது. வரிசையாகத் தேக்கி வைக்கும். லினக்ஸில் அந்தத் தொட்டி 4096 பைட். நொடிக்கு 180 பைட் என்றால் ஏறத்தாழ 23 நொடியில் நிறைந்துவிடும். அதற்கு முன்னால் இயக்கியிடமும் சிறு தேக்கங்கள் உண்டு. அடுத்த முறை ரீட் செய்தால் கிடைப்பது இப்போதைய எடை அன்று. தொட்டியில் முதலில் விழுந்த பழைய எடை.

அரைகுறையாக இது எனக்குத் தெரியும். ஆகவே முதல் 100 வரியைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் அசையாத எடையை எடு என்று எழுதினேன். பத்து நொடிக்குள் பையன் தட்டைக் காலி செய்துவிடுவான் என்பது என் கணக்கு. சோதித்தும் பார்த்தேன். எப்படி? முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல்லையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ, ஒரு கிலோ, ஒரு கிலோ என்று சரியாக வந்தது. பழைய எடையும் ஒரு கிலோ, புதிய எடையும் ஒரு கிலோ என்றால் பிழை எப்படித் தெரியும்? இந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பதினோரு நாள் கழித்து, எங்கள் தெருப் பாட்டியம்மா ஒருவர் பையோடு திரும்பி வந்தார்.

"என்ன நயினாரே, துவரம்பருப்பு ஒன்றரை கிலோதானே கேட்டேன்? சீட்டுல ரெண்டே கால்னு போட்டிருக்கு. பேத்தி படிச்சுச் சொன்னா."

பையைத் தட்டில் வைத்தேன். தராசின் முகப்பில் 1.500. சீட்டில் 2.250. அதற்கு முந்தைய சீட்டை எடுத்துப் பார்த்தேன்: வேறொருவர் வாங்கிய சர்க்கரை, 2.250. முந்தையவர் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றதில், பில் போட்ட பிறகும் சர்க்கரை தட்டிலேயே அரை நிமிடம் கிடந்திருக்கிறது. 100 வரி தள்ளியும் 101-ஆவது வரியும் அந்தச் சர்க்கரைதான். பாட்டியம்மா காசு கொடுத்தது தட்டில் இல்லாத முக்கால் கிலோவுக்கு.

அன்று இரவு முழுவதும் பழைய பில்களைப் பார்த்தேன். ஒரு பில்லின் எடை அதற்கு முந்தைய பில்லோடு கிராம் சுத்தமாக ஒத்திருந்தால் சந்தேகம் என்று குறித்தேன். அப்படி 63 சிக்கின. 23-இல் எனக்கு நட்டம், அது போகட்டும். 40-இல் வாடிக்கையாளருக்கு நட்டம். 31 பேரை அடையாளம் கண்டு பணத்தைத் திருப்பினேன். சிலர் வாங்க மறுத்து, "கம்ப்யூட்டர் தப்பு பண்ணா நீங்க என்ன செய்வீங்க?" என்றார்கள். ஒன்பது பேர் யாரென்றே தெரியவில்லை. கப்பலுக்குக் காத்திருந்த வெளியூர்க்காரர்களாக இருக்கலாம். அந்தத் தொகை என் பேரேட்டில் 'பெயர் தெரியாதவர்' என்ற தலைப்பில் ஒரு வரியாக இன்னும் நிற்கிறது.

தராசில் பிழை இல்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடுகிறார்கள். என் தராசிலும் முத்திரை இருந்தது. ஆனால் முத்திரை தராசுக்குத்தான். அதன் பேச்சைக் கேட்ட என் நிரலுக்கு எந்த முத்திரையும் இல்லை. அதற்கு நானே பொறுப்பு.

வரி முடியும் வரை நம்பாதே

திருத்திய முறையைச் சொல்கிறேன். பிள்ளைகள் கேட்ட 'பாதி பாதி' நோய்க்கும் இதுவே மருந்து.

ரீட் என்பது ஒரு செய்தியைக் கொண்டுவந்து தருவதில்லை. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த பைட்டுகளை மட்டும் தருகிறது. 18 எழுத்துக்கு ஏறத்தாழ 19 மில்லி நொடி ஆகும். கணினி இடையில் எட்டிப் பார்த்தால் ஏழு எழுத்துதான் வந்திருக்கும். 12.450 என்பதில் 12 ஒரு ரீடிலும் .450 அடுத்ததிலும் வரலாம். ரீட் எத்தனை பைட் தந்தது என்ற எண்ணை ஒவ்வொரு முறையும் பார்த்து, வந்ததை நம்முடைய ஒரு பெட்டியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வரிமுடிவு வந்த பிறகே பெட்டியைத் திறந்து படிக்க வேண்டும். துறையைத் திறந்ததும் வரும் முதல் வரி நடுவிலிருந்து தொடங்கியிருக்கும். அதை எப்போதும் எறிந்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு வி-மின், வி-டைம் என்று இரண்டு எண்கள் உண்டு. மின் என்பது குறைந்தது எத்தனை பைட். டைம் என்பது நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு, 255 வரை. இரண்டும் பூச்சியமானால் ரீட் உடனே திரும்பும். மின் மட்டும் இருந்தால் அத்தனை பைட் வரும் வரை காத்திருக்கும். டைம் மட்டும் இருந்தால் முதல் பைட் வரும் வரை, அல்லது அந்த நேரம் முடியும் வரை. இரண்டும் இருந்தால் கவனம்: கடிகாரம் முதல் பைட் வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். தராசின் கம்பி கழன்று கிடந்தால் முதல் பைட் வராது. நிரல் விடிய விடியக் காத்திருக்கும். நான் மின் 0, டைம் 5 என்று வைத்தேன். அரை நொடி வரை ஒன்றும் வராவிட்டால் திரையில் 'தராசு பேசவில்லை' என்று வரும். பில் போடாது.

பழைய எடைத் தொல்லைக்குப் பலரும் சொல்லும் மருந்து டிசிஃப்ளஷ். தொட்டியைக் கொட்டிவிடும் ஆணை. தொடங்கும்போது அது நல்லது. ஆனால் கருவிக்குள்ளும் இடையில் உள்ள மாற்றிகளுக்குள்ளும் தேங்கியிருப்பது அதற்குக் கட்டுப்படும் என்று நம்ப முடியாது. ஆகவே நான் வேறு வழி எடுத்தேன். நிரல் நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த முழு வரியையும் அது வந்த நேரத்தையும் மட்டும் நினைவில் வைக்கும். பையன் விசையை அழுத்தினால், அதற்குப் பிறகு வரும் மூன்று வரிகள் ஒன்றுபோல் இருந்து, மூன்றிலும் அசையாத குறி இருந்தால்தான் எடை பில்லில் ஏறும். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் தராசுகளும் உண்டு. புதிதாக வாங்குவோர் அதையே வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

கடலிலும் இதே பாடம்

இது தராசோடு முடியும் செய்தி அன்று. நம் படகுகளிலும் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களிலும் உள்ள ஜிபிஎஸ் கருவி பிற கருவிகளோடு பேசப் பயன்படுத்தும் பழைய மரபுக்கு என்எம்இஏ 0183 என்று பெயர். அதுவும் சீரியல்தான், வேகம் 4800. ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். 82 எழுத்துக்கு மேல் போகாது. நம் ஊரின் குறுக்குக்கோடு வடக்கு 11 பாகை 40 நிமிடம். கருவி அதை 1140 என்று தொடங்கி அனுப்பும். முதல் 1 வழியில் விழுந்தால் 140 ஆகும். அஃதாவது 1 பாகை 40 நிமிடம். படகு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தெற்கே இருப்பதாகக் கணக்கு வரும்.

இதற்காகவே வரியின் இறுதியில் நட்சத்திரக் குறியிட்டு ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறார்கள். டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள எல்லா எழுத்துகளையும் ஒன்றோடொன்று 'எக்ஸ்-ஆர்' செய்தால் அந்த எண் வர வேண்டும். சி மொழியில் மூன்று வரியில் எழுதிவிடலாம். வராவிட்டால் அந்த வரியை எறிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். என் தராசுக்கு அப்படி ஒரு எண் இல்லை. அதனால்தான் மூன்று வரி ஒத்துப் பார்க்கிறேன்.

2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி நாம் பட்ட பாடு மறக்கக்கூடியது அல்ல. அந்த வடத்திலும் ஒளி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடுகிறது. அங்கும் ஒவ்வொரு கட்டுக்கும் சரிபார்ப்பு உண்டு. வேகம் மாறியிருக்கிறது, வந்ததை முழுதாகச் சேர்த்துச் சரிபார்க்கும் வேலை மாறவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு

இன்றைய மடிக்கணினிகளில் ஒன்பது ஊசி வாய் இல்லை. யுஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகினால் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் துறை தோன்றும், நிரல் அதேதான். ஆனால் மாற்றி பைட்டுகளைச் சற்றுச் சேர்த்து வைத்துக் கட்டாக அனுப்பும். எஃப்டிடிஐ வகைச் சில்லில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லி நொடி. ஆகவே 'பாதி பாதி' முன்னைவிட அதிகமாகவே தெரியும். மாற்றியைப் பிடுங்கிச் செருகினால் 0 என்பது 1 ஆகவும் மாறலாம். பெயரை நிரலுக்குள் அடித்து வைக்காதீர்கள். அனுமதி இல்லை என்று வந்தால் மேலதிகாரி ரூட்டாக ஓட்ட வேண்டியதில்லை. டெபியன், உபுண்டு வகைகளில் உங்கள் பெயரை 'டயல்-அவுட்' குழுவில் சேர்த்தால் போதும். அதுவும் மோடம் காலத்துப் பெயர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்கும்போது வெவ்வேறு எடைகளை வைத்துச் சோதியுங்கள். நடுவில் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். தட்டில் பொருளை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டு நில்லுங்கள். கடையில் நடப்பது அதுதான்.

நிறைவாக

எங்கள் மரபில் இல்லறத்தார்க்கு உரிய விரதங்களில் ஒன்று கள்ளாமை. அதற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று 'ஹீனாதிக மானோன்மானம்', அஃதாவது கொடுக்கும்போது குறைந்த அளவும் வாங்கும்போது கூடிய அளவும் வைப்பது. "நீங்க வேணும்னா செஞ்சீங்க? இது எப்படி உங்க கணக்குல சேரும்?" என்று என் துணைவியார் அந்த இரவில் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நூல் பிரமாதம் என்ற ஒன்றைப் பற்றியும் பேசுகிறது. இன்று நாம் பிரமாதம் என்றால் அருமை என்று பொருள் கொள்கிறோம். பழைய பொருள் அசட்டை, கவனக்குறைவு. கடையில் எல்லாரும் "பிரமாதம் நயினாரே" என்று சொன்னபோது நான் ஒரு பொருளில் கேட்டுக்கொண்டேன். உண்மை மற்ற பொருளில் இருந்தது.

அந்தப் பாட்டியம்மா இப்போது இல்லை. அவர் பேத்தி கடைக்கு வரும்போதெல்லாம் சீட்டை வாங்கி, தராசின் முகப்பையும் சீட்டையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுக்கிறாள். நானும் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: அவள் பார்த்து முடிக்கும் வரை பொருளைத் தட்டிலிருந்து எடுக்காதே.